எம் என்றால் மாதா

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து ஜெனி போன் செய்தாள். சரக்கு சர்வேயராக நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, பீரோவ ஒதுங்க வைக்கோம். உள்ள ஒரு கேமரா கெடக்கு. தூக்கிப் போட்டுரவா?"

"போடாத."

"அதுல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. பி போர்ட்டு, எஸ் ஷிப்பு, ஏ ஆங்கரேஜ், எம் மாதான்னு. யாருக்கு மண்டையில என்ன கோளாறு?"

அந்தச் சீட்டை எழுதியது நான். சொன்னது கபிரியேல் சார். கோளாறு யாருக்கு என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அவளுக்கும் முதல்முறையாக ஒரு கேமரா வாங்கும் ஆசையாம். புதிதாகப் பழகுகிறவர்கள் ஒரு கேமராவில் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு கேமராதான். அதைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் இப்படி வந்திருக்கிறது.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலில் வருகிற சரக்கை இறக்குவதற்கு முன் போய்ப் பார்த்து, நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது, உடைந்திருந்தால் உடைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு கம்பெனியா என்று என் மாமனார் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். உடைந்தது கடலிலா கரையிலா என்று எல்லாரும் சட்டையைப் பிடிக்கிற நேரத்தில்தான் எங்களைத் தேடுவார்கள்.

நான் உடன்குடிக்காரன். பத்தொன்பது வயதில் மூட்டை எண்ணுகிற டாலி கிளார்க்காகத் தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்தேன். பதினொரு வருஷம் மூட்டை எண்ணினேன். மூட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் அந்தப் பதினொரு வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு கபிரியேல் சார் என்னை சர்வேக்கு இழுத்துக்கொண்டார்.

சார் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை கான்வாஸ் ஷூ. நிலக்கரிக் கப்பலுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போவோம். நான் அடுப்புக்குள்ளிருந்து வந்தவன் மாதிரி இறங்குவேன், அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பியவர் மாதிரி இறங்குவார். குரலை உயர்த்த மாட்டார். "தெரியாது" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. தெரியாத விஷயம் வந்தால் இரண்டு நிமிடம் கடலைப் பார்ப்பார். பிறகு அதற்கு ஒரு புரொசீஜர் சொல்லுவார். அந்த நிமிஷத்திலிருந்து அதுதான் சட்டம்.

அதுவரை எங்களிடம் ரோல் போடுகிற கேமரா இருந்தது. ஒரு கப்பலுக்கு ஒரு ரோல், முப்பத்தாறு படம், அதற்குமேல் ஒன்று கேட்டால் கிடையாது. ஆட்களைப் படம் எடுக்கக் கூடாது. "நமக்குச் சரக்குதாம்லே முக்கியம். மூஞ்சிக்கு ஒரு படம் போச்சுன்னா மூட்டைக்கு ஒரு படம் கொறையும்" என்பார்.

ஒருநாள் தலைமை ஆபீஸிலிருந்து டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வந்தது. பெட்டியில், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்ததும் சார் முகம் சிவந்துவிட்டது. எத்தனை கப்பல் பார்த்தவர் அவர், அவரைப் போய்ப் புதிதாகப் பழகுகிறவர் என்று ஒரு அட்டைப்பெட்டி சொல்வதா? உள்ளே இருந்த கையேட்டை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

கேமராவின் தலையில் ஒரு வட்டத் திருகு. அதில் நான்கு எழுத்துகள், சில குட்டிப் படங்கள். சார் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்.

"ஏலே சுடலை, எழுதிக்கோ. பின்னா போர்ட்டு. கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் பியில வச்சுரு. எஸ்ஸு ஷிப்பு, கப்பல்ல ஏறுனதும் எஸ். ஏ ஆங்கரேஜ், வெளிக்கடல்ல நிக்க கப்பலுக்கு."

"எம்முன்னா சார்?"

இந்த முறை கொஞ்சம் கூடுதல் நேரம் கடலைப் பார்த்தார். "மாதா" என்றார். "கோயில் விசேஷத்துக்குன்னு வச்சிருக்கான். நீ தொடாத."

ஜப்பான்காரனுக்கு நம்ம ஊர் மாதா கோயில் எப்படித் தெரியும் என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. கேட்கவில்லை. அவன் இவ்வளவு கண்டுபிடித்தவன், இதையும் கண்டுபிடித்திருப்பான் என்று விட்டுவிட்டேன்.

குட்டிப் படங்களுக்கும் புரொசீஜர் வந்தது. மலைப் படம் உப்பு அம்பாரத்துக்கும் நிலக்கரிக் குவியலுக்கும். தொப்பி போட்ட பெண் படம், கேப்டனின் சம்சாரம் கப்பலில் வந்தால் மட்டும். ஓடுகிற ஆள் படத்தை அடியோடு தடை செய்தார், துறைமுகத்துக்குள் ஓடுவது பாதுகாப்பு விதிக்கு விரோதம். கப்பலின் அடித்தட்டு இருட்டில் ஃபிளாஷ் தானாக டக்கென்று தலையைத் தூக்கும். சார் அதை விரலால் அமுக்கி உட்கார வைப்பார். "கேக்காம எந்திரிக்கக் கூடாது" என்று அதனிடம் மெதுவாகச் சொல்லுவார்.

டிஜிட்டல் கேமராவில் ஆயிரம் படம் எடுக்கலாம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கப்பலுக்கு முப்பத்தாறுதான். மெமரி கார்டை வெயிலில் வெளியே எடுக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால் படம் போய்விடும். கார்டைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி ஆபீஸுக்குக் கொண்டுவர வேண்டும். "கழுவியாச்சா?" என்பார். கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சா என்று அர்த்தம். படம் எதையும் அழிக்கக் கூடாது. பெருவிரல் விழுந்தாலும் சரி, மூடியைக் கழற்றாமல் எடுத்து முழுக் கறுப்பாக வந்தாலும் சரி, ரோலில் விழுந்தது விழுந்ததுதான். தினமும் சாயங்காலம் பேட்டரியைக் கழற்றி பீரோவில் வைத்துவிட வேண்டும். டார்ச் லைட்டில் பேட்டரிக் கட்டையைக் கழற்றாமல் விட்டால் ஒழுகிப் போகுமே, அந்தப் பயம்.

கொஞ்ச நாள் போனது. காலையில் பேட்டரியைப் போட்டதும் திரையில் ஒரு கடிகாரம் மினுக்க ஆரம்பித்தது. சாரிடம் காட்டினேன். கடலைப் பார்க்கக்கூட இல்லை, உடனே சொல்லிவிட்டார்.

"நேரம் ஆகுதுன்னு சொல்லுது. சீக்கிரம் எடு."

அன்றிலிருந்து கடிகாரம் மினுக்கினால் நான் கப்பல் ஏணியில் வேகமாக ஏறுவேன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த வருஷம் எங்கள் வேலை கொஞ்சம் சுறுசுறுப்பாகவே நடந்தது.

இனி சேவியர் விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சேவியர் ஆலந்தலைக்காரன். அவன் அப்பா, அண்ணன், மச்சினன் எல்லாருக்கும் கடல்தான் தொழில். இவனுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் கால் வைத்தால் குடல் வெளியே வந்துவிடும். அப்படி ஒரு பிள்ளை ஆலந்தலையில் பிறந்தது வீட்டாருக்குப் பெரிய அவமானம். துறைமுகத்துக்கு வந்து என்னென்னவோ வேலை பார்த்து, கடைசியில் கரையில் நிற்கிற கிரேனின் ஆபரேட்டர் ஆனான். அவ்வளவு உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் அவனுக்கு ஒன்றும் செய்யாது. "மேல காத்து அசையும் அண்ணாச்சி, தண்ணி அசையாதுல்லா" என்பான். அந்தக் கூண்டு போனால் அவன் திரும்ப அண்ணன் வள்ளத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒரு கப்பல் காற்றாலை றெக்கைகளை ஏற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் போய்ப் பார்த்தேன். எஸ்ஸில் வைத்து முப்பத்தாறு படம் எடுத்தேன். எல்லாம் நலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கொடி ஏறின பிறகுதான் ஆட்கள் சரக்கில் கை வைத்தார்கள். எங்கள் ஊரில் அன்றைக்கு அப்படித்தான். சேவியர் மூன்றாவது றெக்கையைக் கரையில் இறக்கி வைத்தபோது அதன் ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல் இருந்தது.

கப்பல்காரர்கள் என் சர்வே ரிப்போர்ட்டையே எடுத்து நீட்டினார்கள். நேற்று உங்கள் ஆள் நலம் என்று எழுதியிருக்கிறார், இன்று கீறியிருக்கிறது, அப்படியென்றால் கிரேன்தான் இடித்திருக்கிறது. விசாரணை முடிகிறவரை கூண்டில் ஏறக் கூடாது என்று சேவியரிடம் சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை கம்ப்யூட்டரில் என் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பன்னிரண்டாவது படத்தில், தார்ப்பாயின் நிழலில், கீறல் இருந்தது. கொக்கி மாட்டுவதற்கு முன்பே இருந்தது. லென்ஸ் பார்த்ததை நான் பார்க்கவில்லை. தலைமுடி மாதிரி இருந்ததால் தெரியவில்லை என்று சாக்குச் சொல்லலாம். அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சேவியர் தப்பித்தான் என்பதால் சந்தோஷமாகவும் இருந்தது.

விசாரணை கப்பலிலேயே நடந்தது, கேப்டனின் அறையில். கேப்டன் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். கப்பல்காரர்கள் சார்பில் சென்னையிலிருந்து ஒரு சர்வேயர் வந்திருந்தார், மரியாதையான மனிதர். சாரும் நானும் இந்தப் பக்கம். சேவியர் கதவோரம் நின்றான். முகம் பச்சையாக இருந்தது. கட்டிப்போட்ட கப்பல்கூட அவனுக்கு ஆகாது என்பது எங்களுக்குத் தெரியும், சென்னைக்காரருக்குத் தெரியாது. "அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியுதே" என்றார் கேப்டனிடம்.

நான் பன்னிரண்டாவது படத்தைக் காட்டினேன். சென்னைக்காரர் நன்றாகக் குனிந்து பார்த்தார். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி எதையோ இரண்டு தட்டுத் தட்டினார்.

"இது எப்போ எடுத்தீங்க, சார்?"

"கொடியேத்தத்துக்கு மொத நா சாயங்காலம்."

"இதுல ஜனவரி ஒண்ணாம் தேதி, ராத்திரி பன்னெண்டு இருபதுன்னு காட்டுது. வெயில் நல்லா அடிக்குது." பிறகு வருஷத்தைச் சொன்னார். கப்பல் கட்டின வருஷம் பொறித்துச் சுவரில் மாட்டியிருந்த பித்தளைத் தகட்டைக் கேப்டன் திரும்பிப் பார்த்தார். அந்த வருஷத்தில் கப்பலைக் கட்ட ஆரம்பிக்கக்கூட இல்லை.

"அப்போ கப்பல் இல்ல, றெக்கை மட்டும் இருந்திருக்கு. அதுவும் கீறலோட" என்றார் சென்னைக்காரர். அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சார் கடலைப் பார்த்தார். அந்த அறையின் ஜன்னலில் கடல்தான் நிறையத் தெரிந்தது. "சாப்பாட்டுக்குப் பெறவு பேசுவோம்" என்றார்.

ஆபீஸுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து, உறை பிரிக்காத கையேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "படி" என்றார். அவர் அதைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தான் படிக்கவில்லை என்பதற்கு அந்தச் சுவர்தான் சாட்சி.

படித்தேன். கேமராவின் வயிற்றுக்குள் கடிகாரத்துக்கென்று ஒரு குட்டி பேட்டரி உண்டாம். பெரிய பேட்டரியிடமிருந்துதான் அது உயிர் வாங்கும். தினமும் பெரியதைக் கழற்றிக் கழற்றி நாங்கள் சின்னதைக் கொன்றுவிட்டோம். அதனால் பேட்டரியைப் போடும்போதெல்லாம் கேமரா ஏதோ ஒரு ஜனவரி ஒன்றாம் தேதி நள்ளிரவில் பிறந்துகொண்டிருந்தது. கடிகாரம் மினுக்கினால் தேதி வைக்கச் சொல்கிறது என்று அர்த்தம். டீ குடிக்காமல் நான் ஏறிய ஏணிகளை எல்லாம் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தில் ஒரு நல்ல சேதி இருந்தது. தேதி செத்தாலும் படத்தின் எண் சாகாது. ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும்.

"சார், கொடியேத்தத்தன்னைக்குக் காலையில நீங்க கேமராவக் கோயிலுக்குக் கொண்டு போனியள்ளா?"

"போனேன். எம்முல வச்சு எடுத்தேன். முப்பத்தாறு."

கார்டை எடுத்துப் போட்டேன். சார் எடுத்த முதல் படம், என் கப்பல் படம் முப்பத்தாறுக்கும் அடுத்த எண். ஆனால் படத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. எம்மில் வைத்தால் கேமரா தன் புத்தியை உபயோகிக்காது, நாம் சக்கரத்தைத் திருகி வெளிச்சத்தை அளந்து வைக்க வேண்டும் என்று கையேடு சொன்னது. சார் எதையும் திருகவில்லை. காலை வெயில் முழுவதும் உள்ளே கொட்டியிருந்தது. பத்து, பதினைந்து, எல்லாம் வெள்ளை. பிறகு மெதுவாகச் சாம்பல் நிறமாயிற்று. இருபத்திரண்டாவது படத்தில் கொடிமரம் பளிச்சென்று நின்றது. உச்சியில் கொடி, பக்கத்தில் பறக்கவிட்ட புறாக்கள். அதற்கடுத்து இருட்டிக்கொண்டே போய், கடைசிப் பத்தும் முழுக் கறுப்பு.

"சார், கையில என்ன வச்சிருந்திய?"

"ஜெபமாலை. ஏம்லே?"

வலது கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு படம் எடுத்திருக்கிறார். மணி உருள உருள அது சக்கரத்தையும் உருட்டியிருக்கிறது. வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகிற வழியில் ஒரே ஒரு மணிக்கு அளவு சரியாக வந்திருக்கிறது.

"அந்தப் பொஸ்தகத்துல எம்முக்கு என்ன போட்டிருக்கு?" என்று சுவரைப் பார்த்தபடியே சார் கேட்டார்.

மேனுவல் என்று போட்டிருந்தது. என் விரல் அந்தச் சொல்லின்மேல்தான் இருந்தது.

"அந்தப் பக்கம் ஜப்பான் மொழியில இருக்கு சார். புரியல."

"அப்ப சரிதான்" என்றார்.

மதியம் எழுபத்திரண்டு படங்களையும் வரிசையாக ஓட்டினேன். ஒரு எண்கூட விடுபடவில்லை. என் பெருவிரல் வந்தது. மூடி போட்ட கறுப்புப் படம் வந்தது. வெறும் வெள்ளைப் படங்களாக வர ஆரம்பித்ததும் சென்னைக்காரர் பொறுமை இழந்தார்.

"இதையெல்லாம் ஏன் டெலிட் பண்ணாம வெச்சிருக்கீங்க?"

"ரோல்ல விழுந்தத எப்பிடி அழிக்க?" என்றார் சார். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

சாம்பல் படங்களுக்கு நடுவில், கோயில் வாசலில் தவறிப்போய் எடுத்த சாரின் வெள்ளை ஷூ ஒன்று வந்தது. பிறகு கொடி வந்தது.

"இது என்ன மோட்? மேனுவலா?"

"மாதா" என்றார் சார்.

கேப்டன் என்ன என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எம் என்றால் எங்கள் மாதா, இது அவள் கோயில் கொடி, இது ஏறும்போது துறைமுக இழுவைக் கப்பல்கள் எல்லாம் சங்கு ஊதும் என்றேன். கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தச் சத்தமா?" என்றவர், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கப்பலின் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். சத்தம் கேட்டு ஏதோ விபத்து என்று பதறி, கீழே விசாரித்து, அவரே கைப்பட எழுதியிருந்தார்: இழுவைக் கப்பல்கள் அனைத்தும் ஒலி எழுப்புகின்றன, ஆபத்து இல்லை, உள்ளூர் மாதா. அதற்கு மூன்று மணி நேரம் தள்ளி அடுத்த வரி: கிரேன் வேலை ஆரம்பம்.

கீறல் படத்துக்குப் பிறகு கொடிப் படம். கொடிக்குப் பிறகு கிரேன். சென்னைக்காரர் எண்களை விரல் வைத்து இரண்டு முறை எண்ணினார். லேப்டாப்பை மூடினார். "கடல்ல வரும்போதே கீறியிருக்கு" என்றார். மரியாதையான மனிதர் என்று முதலிலேயே சொன்னேன்.

எல்லாரும் சேவியரைப் பார்த்தோம். அவன் கையெடுத்துக் கும்பிட்டான், அப்படியே வெளியே ஓடினான், கப்பலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கடலில் கொட்டினான். துறைமுகத்துக்குள் ஓடக் கூடாது என்று சார் அன்று சொல்லவில்லை.

கரையில் இறங்கியதும் நிறம் திரும்பி வந்து எங்கள் முன்னால் நின்றான். "அண்ணாச்சி, சார்கூட என்னைய ஒரு படம் எடுங்க. வீட்டுல மாட்டணும்" என்றான். நான் கேமராவைத் தூக்கினேன். ஆனால் அன்று காலை அதே றெக்கையைத் திரும்பவும் முப்பத்தாறு படம் எடுத்திருந்தோம்.

"முடிஞ்சு போச்சுலா" என்றார் சார். "முப்பத்தேழாவது எங்கன இருக்கு?"

சேவியர் என்னைப் பார்த்தான். நான் பேட்டரியைக் கழற்றினேன். சேவியர் கிரேனில் ஏறிப் போனான்.

சார் ஓய்வு பெற்றார், அப்புறம் நானும். இரண்டு வருஷத்துக்கு முன் சார் இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸுக்கு நல்ல படம் இருக்கிறதா என்று அவர் மகள் கேட்டாள். வீட்டில் இருந்தது கல்யாணப் படம்தான், அதில் மீசையோடு யாரோ ஒரு பையன் நின்றான். நான் ஆபீஸில் போய்க் கம்ப்யூட்டரில் எல்லாக் கப்பலின் படங்களையும் திறந்து பார்த்தேன். ஆயிரக்கணக்கான படங்கள், ஒன்றைக்கூட நாங்கள் அழிக்கவில்லை. பலகை, மூட்டை, இரும்புச் சுருள், உப்பு, றெக்கை. அவர் இருந்தது ஒரே படத்தில், அதுவும் அந்த ஷூ. கடைசியில் துறைமுக நுழைவுப் பாஸில் இருந்த படத்தைப் போட்டு அச்சடித்தார்கள். அதில் அவர் கண்ணை மூடியிருந்தார். ஊர் முழுக்க அப்படியே ஒட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. அன்றைக்குக் கரையில் ஒரு தரம் அமுக்கியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

ஜெனி போன் செய்த மறுநாள் முத்தையாபுரத்திலிருந்து பஸ் ஏறி ஆபீஸுக்குப் போனேன். சேவியரையும் வரச் சொல்லியிருந்தேன். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, இன்னும் கூண்டில்தான் இருக்கிறான். ஜெனி பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தாள். மூன்று பேரும் வெளியே, கிரேன் தெரிகிற இடத்தில் வந்து நின்றோம். பேட்டரியைப் போட்டதும் திரையில் கடிகாரம் மினுக்கியது.

"தேதி வைக்கச் சொல்லுது அண்ணாச்சி. செட் பண்ணித் தரட்டா?"

"இல்லளா" என்றேன். "நேரம் ஆகுதுன்னு சொல்லுது."

திருகை எம்முக்குத் திருப்பினேன். சக்கரத்தைச் சரியான அளவுக்கு உருட்டி, கேமராவை அவள் கையில் கொடுத்துவிட்டு, சேவியர் பக்கத்தில் போய் நின்றேன். எங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடத்தை அவனாகவே விட்டிருந்தான்.

"சீக்கிரம் எடு" என்றேன்.

எடுத்தாள். முப்பத்தேழு.